பாதையடியில் ஒரு மண்டூகம்

நான் எழுதிப் போட்ட நாற்பத்திரண்டு கணிதப் பாடங்களை ஒருவரும் வாசிக்கவில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். யோகலிங்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாயிரத்து ஆறின் கடைசி மாதங்கள். சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது எப்போதோ கிழிந்துபோய், திருகோணமலையில் காலையில் வீட்டை விட்டுப் போனவர் மாலையில் திரும்பும்வரை யாருக்கும் நிம்மதி இல்லாத காலம். பிள்ளைகள் டியூஷனுக்கு நகரத்துக்கு வர முடியவில்லை. ஒரு நாள் மூதூர்ப் படகு ஓடாது, ஒரு நாள் கிண்ணியா வழி மூடியிருக்கும், ஒரு நாள் சுற்றிவளைப்பு. ஒரு தொண்டு நிறுவனம் இதற்கு ஒரு வழி செய்யப் பார்த்தது. சாம்பல்தீவு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய நான்கு இடங்களிலும் ஒவ்வொரு கணினி அறை திறந்தது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அதைத் தலைமை அறை ஆக்கியது. உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போகப் படிக்கும் மாணவர்கள் இருந்த இடத்திலிருந்தே படிக்க ஓர் இணையத்தளம் வேண்டும் என்றார்கள். பாடம் எழுத என்னைப் பாடசாலையிலிருந்து கேட்டு எடுத்தார்கள். தளத்தை உருவாக்க யோகலிங்கத்தை எடுத்தார்கள்.

அவனுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. சாம்பல்தீவுக்காரன், ஒல்லி, கல்யாணம் ஆகவில்லை. முதலில் ரேடியோ திருத்தி, பிறகு டீவி திருத்தி, பிறகு கணினிக்கு வந்தவன். அவன் கைவேலையைப் பார்த்தவர்கள் சான்றிதழ் கேட்டதில்லை. ஒரு இடத்தில் இருக்கமாட்டான். நின்றுகொண்டே தட்டச்சு செய்வான். பாதிக் கதையில் எழும்பிப் போய் யன்னலால் தெருவைப் பார்த்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வான். அந்தக் காலத்தில் ஊரில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், நாய் குரைத்தாலும் யன்னலுக்குப் போனோம். ஆனால் அவன் சமாதான காலத்திலும் அப்படித்தானாம். அவனுடைய அக்கா ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து முகாமில் கிடந்து வந்த பிறகு இவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை என்று. அதற்கு மேல் அந்தக் கதையை அவரும் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை. முகாமில் கிடக்காத ஆட்களை எங்கள் பக்கத்தில் எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

தளம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் ஒரு தாளில் கீறிக் கொடுத்தேன். பாடம், பயிற்சி, கேள்வி பதில். மாணவர் தன் பெயர், பாடசாலை, வகுப்பு எல்லாம் பதிந்துதான் உள்ளே வர வேண்டும். பாடசாலை மாதிரி ஒழுங்காக. அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் பத்து நாளில் அப்படியே செய்து தந்தான். இரண்டு மாதம் போனது. நாலு அறைகளிலும் பிள்ளைகள் வந்தார்கள், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார்கள், போனார்கள். எங்கள் தளத்துக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் அறைப் பொறுப்பாளர்கள்தான், அதுவும் வேலை செய்கிறதா என்று பார்க்க.

அப்போதுதான் அவன் கிண்ணியாவுக்கு ஒரு கணினி திருத்தப் போனான். அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் பெரிய மிதவையில் ஆட்களும் வாகனங்களும் ஏறிக் கடக்க வேண்டும். அன்று ஏதோ காரணத்துக்காகக் கடற்படை பாதையை நிறுத்திவிட, காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை அவன் துறையடியில் காய்ந்திருக்கிறான். ஓரிடத்தில் நில்லாதவனை நாலு மணித்தியாலம் ஓரிடத்தில் நிறுத்தினால் என்ன செய்வான்? காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு அங்குமிங்கும் நடந்திருக்கிறான்.

அடுத்த நாள் வந்ததும் வராததுமாக என் மேசைக்கு முன்னால் நின்றான். துறையடியில் நின்ற முப்பது பேரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான், பாதை ஓடுமா ஓடாதா. அதைக் கேட்க ஆரம்பித்த வாய் பிறகு மூடவில்லை. ஒரு மீன் வியாபாரி ஐஸில் உப்புப் போட்டால் ஏன் குளிர் இன்னும் கூடும் என்று பக்கத்து ஆளுக்குச் சொன்னார். கொப்பியோடு நின்ற ஒரு பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, இது எங்கள் இரசாயனப் புத்தகத்தில் இருக்கிறது என்று தன் சிநேகிதிக்குச் சொன்னாள். சிநேகிதி தனக்கு அது விளங்காமல் இருந்தது என்றாள். மீன் வியாபாரி திரும்ப ஒருமுறை சொன்னார். இப்படியே ஒரு மணிவரை.

“மாஸ்டர், அங்க ஒருத்தரும் படிக்க வரேல்லை. ஆனா எல்லாரும் ஏதோ ஒண்டைத் தெரிஞ்சுகொண்டுதான் போனவை,” என்றான்.

எனக்கு அதில் பெரிய அதிசயம் எதுவும் தெரியவில்லை. வேலை இல்லாமல் நின்றால் ஆட்கள் கதைப்பார்கள். அவனோ அன்றைக்கே யன்னலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்து ஒரு புதிய பக்கத்தைச் செய்துவிட்டான். அதற்குப் பெயர் ‘பாதையடி’. மேலே ஐந்து இடங்களின் வழி நிலவரம் இருக்கும். மூதூர்ப் படகு ஓடுகிறதா, கந்தளாய் வீதி திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு அறைப் பொறுப்பாளரும் காலையும் மதியமும் எழுத வேண்டும். அதற்குக் கீழே வெறும் பெட்டி ஒன்று. யாரும் எதையும் எழுதலாம். பதிவு கிடையாது. சொந்தப் பெயர் கூடவே கூடாது, பட்டப்பெயர் மட்டும். ஒரு தடவையில் நாலு வரிக்கு மேல் எழுத முடியாது. இந்தக் கடைசி விதி என்னை மனதில் வைத்துச் செய்தது என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

பெயரில்லாமல் எப்படி என்று சண்டை பிடித்தேன். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று இடாப்பு வேண்டாமா? அவன் அன்றைக்குத்தான் என்னோடு முதல் தடவை குரலை உயர்த்தினான். பட்டியல் என்று ஒன்று இருந்தால் அதை யாரோ ஒருநாள் வந்து கேட்பார்கள், அதனால் பட்டியலே இருக்கக் கூடாது என்றான். நான் இடாப்பை விட்டுவிட்டேன். ஆட்களின் பெயர், எங்கே என்ன நடந்தது, யாரைக் கொண்டு போனார்கள் என்ற எதையும் பாதையடியில் எழுதக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே சட்டம். யாராவது தவறி எழுதினால் ஒரு நிமிடத்தில் அழித்துவிடுவான். மற்றபடி எழுத்துப்பிழை, பகிடி, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது எல்லாவற்றுக்கும் அனுமதி. எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பிள்ளைகள் வந்தார்கள். வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் நின்று கதைத்தார்கள். ‘உப்புவெளி எக்ஸ்பிரஸ்’, ‘ஐஸ்பழம்’, ‘அச்சுப்பாண்’ என்றெல்லாம் பெயர்கள். யார் தமிழர், யார் முஸ்லிம், யார் எந்த ஊர் என்று பெயரில் தெரியாது. கொஞ்ச நாளில் ‘மண்டூகம்’ என்று ஒன்று வந்து சேர்ந்தது. தவளை, மந்தபுத்திக்காரன் என்று அர்த்தம்; பெயருக்கு ஏற்ற ஆள்தான். முதல் நாளே இப்படிக் கேட்டது: உராய்வு அசைவை எதிர்க்கும் என்று புத்தகத்தில் கிடக்கிறது, அப்படியென்றால் நான் நடக்கும்போது நிலம் என்னைப் பின்னுக்கல்லவா இழுக்க வேண்டும், பிறகு நான் எப்படி முன்னுக்குப் போகிறேன்?

முதலில் சிரித்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினால் முன்னுக்குப் போகலாம் என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் புத்தகத்திலிருந்து ஒரு வரியை அப்படியே அடித்தார். மண்டூகம் விளங்கவில்லை என்றது. மூன்றாவது ஆள் வேறுவிதமாகச் சொன்னார். அதுவும் விளங்கவில்லை என்றது. பிறகு ஐஸ்பழம் எழுதினது: மழை நேரம் துறையடிப் பலகையில் வேகமாக நடந்து பார், கால் எந்தப் பக்கம் வழுக்கும்? பின்பக்கம். அப்படியென்றால் வழுக்காத நேரத்தில் பலகை உன் காலை எந்தப் பக்கம் தள்ளிப் பிடிக்கிறது? கந்தளாயிலிருந்து ஒரு பிள்ளை கோடுகளையும் புள்ளிகளையும் அடுக்கி ஒரு காலும் ஒரு அம்புக்குறியும் கீறிக் காட்டியது. மாலை ஐந்து மணிக்கு அறைகள் மூடும்போது அறுபத்து மூன்று பதிவுகள். கடைசிப் பதிவு மண்டூகத்தினுடையது. இப்ப விளங்குது, நன்றி, என்று மட்டும்.

நான் அவ்வளவையும் வாசித்தேன். உராய்வுக்கு நான் பதினாலு பக்கம் எழுதியிருந்தேன், அந்தத் துறையடிப் பலகை அதில் இல்லை. எனக்குப் பொறாமை வந்தது. அதை வேறு பெயரில் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

அதன் பிறகு மண்டூகம் ஏதாவது மொக்குத்தனமாகக் கேட்கும், பாதையடி கூடிவிடும். மற்றவர்களும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கினார்கள். இரண்டாயிரத்து ஏழு பிறந்து ஏப்ரல் ஆனபோது நகரத்து டியூஷன் வகுப்புகள் பேருக்குத்தான் நடந்தன, பாதையடி மட்டும் நாளுக்கு இருநூறு முந்நூறு பதிவுகளோடு ஓடியது. பரீட்சை ஓகஸ்டில். பல்கலைக்கழகம் போக மூன்று தரம்தான் பரீட்சை எழுதலாம், நாலாவது கிடையாது. இது எங்களுக்கு மூன்றாவது தரம் என்று பாதையடியில் எழுதியவர்களே ஏழு பேர். யோகலிங்கத்துக்கு அந்த நாட்களில் பயம் ஒன்றுதான். ஓகஸ்ட்வரை இந்தப் பிள்ளைகள் கதைப்பதை நிறுத்திவிடக் கூடாது. தொலைபேசி இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தாலும் வீட்டுக்கும் வாசல் கேட்டுக்கும் ஓடித் திரிவான். சாப்பாட்டுப் பார்சலை நின்றபடி சாப்பிடுவான்.

அந்த ஓட்டத்தை நிறுத்தியவன் நான்.

மே மாதம். கொழும்பிலிருந்து நிறுவனத்தார் கடிதம் அனுப்பியிருந்தார்கள். இந்தப் பதிவுகளால் மாணவர் கற்றது என்ன என்று விளக்கம் வேண்டுமாம். நான் பாதையடியை ஒருமுறை மேலிருந்து கீழே வாசித்தேன். ஐஸ்பழத்தின் விளக்கம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொத்துரொட்டியைப் பற்றி இருபது பதிவுகள். இதை எந்த முகத்தோடு கொழும்புக்குக் காட்டுவது? அன்றைக்குக் காலையில் துறைமுகப் பக்கம் இரண்டு தரம் பெரிதாகச் சத்தம் கேட்டது, பாடசாலைகளைப் பத்து மணிக்கே விட்டுவிட்டார்கள். என் மகள் வீடு வந்து சேர்ந்துவிட்டாளா என்று மூன்று தரம் தொலைபேசி எடுத்தும் கிடைக்கவில்லை. மனம் ஒரு இடத்தில் இல்லை. அதே நேரத்தில் நான் இரண்டு கிழமை மினக்கெட்டுச் செய்த மாதிரி வினாத்தாளை ஒருவரும் திறக்கவில்லை என்பதும் கண்ணில் பட்டது. பாதையடியில் மண்டூகம் புதிதாக ஒன்றைக் கேட்டு வைத்திருந்தது: சயவையும் சயவையும் பெருக்கினால் ஏன் சக வருகிறது, இரண்டு கடன் சேர்ந்தால் எப்படி வரவாகும்? கழித்தல் குறியையும் கூட்டல் குறியையும் நாங்கள் சய, சக என்போம்.

உயர்தரத்துக்குப் படிக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? நாற்பது பேர் அதைச் சுற்றி நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒழுங்குபடுத்தும் அதிகாரம் என்னிடமும் இருந்தது. மண்டூகத்தைத் தடை செய்தேன். படிக்கும் நோக்கம் இல்லாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று என் பெயரிலேயே ஒரு வரி எழுதினேன். எழுதியபோது சுகமாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மகள் வந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து அழைப்பும் வந்தது.

அடுத்த நாள் பாதையடியில் பன்னிரண்டு பதிவுகள். அதற்கடுத்த நாள் ஐந்து. கிழமை முடியும்போது இருநூறு பேர் வந்து, வழி நிலவரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சொல் எழுதாமல் போனார்கள். கொத்துரொட்டிக் கதையும் நின்றுவிட்டது. யோகலிங்கம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தடை செய்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியும், என் பெயர்தானே கிடக்கிறது. அவன் கணினிக்கு முன்னால் வருவான், பார்ப்பான், போவான். திரும்ப வருவான். இப்போது இடம் சுத்தமாக இருக்கிறது, இனிமேல் படிக்கிறவர்கள் வருவார்கள் என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டான்.

படிக்கிறவர்களில் ஒருத்தி வந்தாள், ஆனால் நேரில். அன்று காலையில் கிண்ணியாப் பாதை ஓடியிருந்தது. நஜ்முன் நிஸா என்று பெயர், இருபத்தொரு வயதுப் பிள்ளை, வாப்பாவோடு வந்து கடந்தகால வினாத்தாள்கள் கேட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, இணையத்தளத்துக்கு வருவதில்லையா என்று விசாரித்தேன். வந்து கொண்டுதான் இருந்தாளாம், இப்போது இல்லையாம். எந்தப் பெயரில் வந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டு, ஐஸ்பழம் என்றாள்.

எனக்கு எழும்பி நிற்க வேண்டும்போல் இருந்தது. துறையடிப் பலகை விளக்கத்தை எழுதியது நீயா என்று கேட்டேன். அவளுக்கு அதை நான் வாசித்ததே ஆச்சரியம். பிறகு ஏன் நிறுத்தினாய் என்றேன். இது அவளுக்கு மூன்றாவது தரம் என்று வாப்பா இடையில் சொன்னார். அவள் வினாத்தாள்களைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

“நான் கேக்க இருந்தது மண்டூகத்துட கேள்விய விட மொக்குக் கேள்வி சேர். அவருக்கே இடமில்லண்டா எனக்கு எங்க இடம்?”

அது என்ன கேள்வி, இப்போது கேள், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். ஒன்றுமில்லை சேர் என்றாள். பாதை இரண்டு மணிக்கு நின்றுவிடும் என்று வாப்பா அவசரப்பட்டார். போய்விட்டார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கே இப்படியென்றால் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டூகம் அங்கே நின்றவரைக்கும் வேறு யாரும் கடைசி ஆள் இல்லை. அதைத் துரத்தினதும் ஒவ்வொருவரும் அடுத்த மண்டூகம் நான்தான் என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். வகுப்பில் இருபத்திரண்டு வருடம் நின்றவனுக்கு இது தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. மண்டூகத்தைத் தேடிப் பிடித்துத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். எந்த அறையிலிருந்து வருகிற பிள்ளை என்று பதிவுகள் வந்த கணினியின் முகவரியைப் பார்த்தேன். கிண்ணியா இல்லை. மூதூர் இல்லை. கந்தளாயும் சாம்பல்தீவும் இல்லை. அத்தனை பதிவுகளும் எனக்கு அடுத்த அறையில் இருந்த கணினியிலிருந்து வந்தவை.

போனேன். யோகலிங்கம் மேசைக்கடியில் குந்திக்கொண்டு வயர் பூட்டிக்கொண்டிருந்தான். மண்டூகம் நீர்தானா என்று கேட்டேன். ஓம் மாஸ்டர் என்றான், தலையை வெளியே எடுக்காமல்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிள்ளைகளைக் கதைக்க வைக்க மொக்கன் வேஷம் போட்டிருக்கிறீர், பெரிய விளையாட்டுக்காரன் நீர், நல்ல உத்தி என்று அவனைப் புகழ்ந்தேன். கொழும்புக்கு எழுதும் விளக்கத்தில் இதைச் சேர்க்கிறேன் என்றும் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். தடையை இப்போதே எடுத்துவிடுகிறேன், நீர் திரும்பப் போய்க் கேளும் என்றேன். அப்போதுதான் வெளியே வந்து கையைத் துடைத்தான்.

“கதவைத் திறந்தாக் காணாது மாஸ்டர். சாத்தின ஆள் உள்ள வரவேணும்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்றேன். பிறகு என் கதிரைக்கு வந்து பாதையடியைத் திறந்தேன். நாலு வரிக்குள் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மண்டூகத்தைத் துரத்தியது பிழை என்று எழுதினேன். அது கேட்ட கேள்விக்கு எனக்கும் சரியான விளக்கம் சொல்ல வராது, இருபத்திரண்டு வருடமாக அது விதி, பாடமாக்குங்கள் என்று சொல்லித்தான் வகுப்பில் தப்பி வந்திருக்கிறேன், யாருக்காவது தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்று எழுதினேன். ஆனந்தராசா என்று என் பெயரையும் போட்டேன். அனுப்பிய பிறகுதான் யோசனை வந்தது. பாடசாலையில் யாராவது இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

ஒரு மணித்தியாலம் ஒன்றும் வரவில்லை. நான் யன்னலுக்குப் போனேன், வந்தேன். கேட்வரை போனேன், வந்தேன். யோகலிங்கம் ஒரு மூலையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணித்தியாலத்தில் அச்சுப்பாண் எழுதினது: சேருக்கும் தெரியாதாம். அதற்குப் பின்னால் சிரிப்புகள். நான் அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன். பிறகு கந்தளாயிலிருந்து அந்தக் கோடு கீறும் பிள்ளை: நீ நகரத்துக்குப் போகிறாய், சென்றியில் ஆமிக்காரன் திரும்பு என்கிறான், திரும்புகிறாய். கொஞ்சத் தூரத்தில் இன்னொரு சென்றி, அவனும் திரும்பு என்கிறான். இப்போது உன் முகம் எந்தப் பக்கம்? திரும்பு என்பதுதான் சய, இரண்டு தரம் திரும்பினால் புறப்பட்ட பக்கம்தான். இதை வாசித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். யோகலிங்கம் ஓடிவந்து என் தோளுக்கு மேலால் வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான்.

நாலு மணிக்கு ஐஸ்பழம் வந்தது. மடக்கை என்றால் உண்மையில் என்ன, கணக்குச் செய்யத் தெரியும், ஆனால் அது என்னவென்று எனக்கு ஒருநாளும் விளங்கவில்லை என்று எழுதியிருந்தது. இரண்டு தரம் பரீட்சை எழுதிய பிள்ளை. எழுபத்தொரு பதிவுகள் வந்தன. நான் வாயைத் திறக்காமல் இருந்தேன், அது எனக்கு லேசில் வருகிற வேலை இல்லை.

ஓகஸ்ட்வரை பாதையடி ஓடியது. யூன் மாதம் ஒன்பது நாள் கிண்ணியாப் பக்கம் இணைப்பே இல்லை, யோகலிங்கம் எப்படியோ போய்ச் சரிசெய்துவிட்டு வந்தான். கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டு இன்னும் இரண்டு கடிதம் வந்தது. முடிவுகளைப் பற்றிக் கேட்பீர்கள், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நஜ்முன் நிஸா அந்த மூன்றாவது தரத்தில் பல்கலைக்கழகம் போனாள். அடுத்த வருடம் நிறுவனம் கடையைக் கட்டியது, தளமும் போனது. கணினிகளை எங்கெங்கோ ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓகஸ்டில் நடந்ததை. நகரத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் என்னைப் பரீட்சை மேற்பார்க்கும் நோக்குநராகப் போட்டிருந்தார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகள், அதாவது பாடசாலை விட்ட பிறகு தாங்களாக விண்ணப்பித்து எழுதுகிறவர்கள், இருந்த மண்டபம். இணைந்த கணிதம், முதல் வினாத்தாள். வழி திறந்திருக்குமா என்ற பயத்தில் பிள்ளைகள் காலை ஆறரைக்கே வந்து நின்றார்கள். மணி அடித்து வினாத்தாள் கொடுத்த பிறகு வரிசை வரிசையாகப் போய் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் முகத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் ஐந்தாவது மேசை. அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு எழுபத்திரண்டு. இதென்ன என்று நிமிர்ந்தேன். வெள்ளைச் சேட்டும் புதிதாக வெட்டிய தலையுமாக யோகலிங்கம்.

மண்டபத்துக்குள் நோக்குநர் கதைக்கக் கூடாது. அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளுக்குக் குனிந்துவிட்டான். நான் கையெழுத்து வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். தொண்ணூறாம் ஆண்டு ஓகஸ்டில் அவன் உயர்தரம் எழுதியிருக்க வேண்டிய வயது. யூனில் சண்டை தொடங்கியது. இதை நான் கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், நான் கணித ஆசிரியன். எட்டு மாதம் ஒரே வீட்டில் வேலை செய்தும் கூட்டிப் பார்க்கவில்லை. உராய்வும் சயவும் வேஷத்துக்காகக் கேட்டவை இல்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. பதினேழு வருடம் அந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். அவன் கேட்டுக்கொண்டிருந்த பாதியில் நான் அவனைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். பிறகு நல்ல உத்தி என்று முதுகிலும் தட்டியிருக்கிறேன். மூன்று மணித்தியாலம் அந்த மண்டபத்தில் நான் நடந்துகொண்டே இருந்தேன்.

பரீட்சை முடிந்து தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினேன். அவன் சைக்கிள் நிறுத்தியிருந்த மதிலடியில் நின்றான். எப்படிச் செய்தீர் என்று கேட்டேன். பகுதி ஏ பரவாயில்லை, பகுதி பி-யில் இரண்டு விட்டுவிட்டேன் என்றான். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. ஒரு சுவர்தானே நடுவில் இருந்தது, நான் ஒரு கணித வாத்தி அடுத்த அறையில் சும்மா இருந்தேனே, இவ்வளவையும் அந்தப் பெட்டிக்குள் போய்ப் பொய்ப் பெயரில் கேட்டுத் திரியாமல் என்னிடம் நேரே கேட்டிருக்கலாமே என்று ஏசுகிற மாதிரிச் சொன்னேன்.

“கேட்டனான் மாஸ்டர்,” என்றான் யோகலிங்கம்.

“எப்ப?”

“வேலைக்கு வந்த முதல் மாசம். உராய்வைப் பற்றி. பாடத்தில எழுதிக் கிடக்கு, பாரும் எண்டு சொன்னீங்கள்.”

குறை சொல்கிற குரல் இல்லை அது. நான் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். வழி மூட முதல் சாம்பல்தீவு போய்ச் சேர வேண்டும் என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். நான் அந்த மதிலடியில் நின்று அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். எந்த அறை, காலையா மாலையா, நான் என்ன செய்துகொண்டிருந்தேன், நிமிர்ந்தாவது பார்த்தேனா. பிறகும் எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். அவன் என்னிடம் கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை.